எழுந்து நின்றும் சொல்லாத பெயர்

அரிமளம்,
10.7.2025

அன்புள்ள ஷீபாவுக்கு,

கலைமதி எழுதுவது. நீயும் மரியசெல்வம் அண்ணனும் பிள்ளையும் மஸ்கட் வெயிலைத் தாங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. நான் சொல்ல வந்தது வேறு; அதைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம். லீவு முடிந்து திரும்பும் உன் கொழுந்தனார் செம்மலிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நம் கவிதை, கதைப்பாடல் மன்றத்துக்கு இந்த வருடம் ஐம்பது. செயலாளர் என்பதால் வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு மாதமாகப் பழைய குறிப்பேடுகளோடு இருக்கிறேன். 1975இல் அரவை மில் மாடியில் ஏழு பேர் தொடங்கியிருக்கிறார்கள். மில் முதலாளி எழுதியதற்கு மட்டும் கைதட்டல் பலமாக விழுந்ததாம். நீயும் நானும் காரணம் தெரியாமலே கடைப்பிடித்த விதி அதில் பிறந்ததுதான். எழுதியவர் தன் பாட்டை வாசிக்கக் கூடாது, வேறொருவர் வாசிக்க வேண்டும். ஒரு மாதம் பெயர் தெரியாமலே எல்லோரும் அதைப் பேசுவார்கள். அடுத்த கூட்டத்தில் தலைவர் கேட்கும்போது எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும்.

அந்த விதி ஒரே ஒரு முறை பிசகியிருக்கிறது. என்னால்.

உன் கடலோர ஊர் மீமிசலைப் பற்றி நீ எழுதிய பாட்டை 2019 ஜூனில் அமுதவல்லி அக்காதான் வாசித்தார். “வலை காயுது, வாசல் காயுது, வாரேன்னு போனவன் சொல்லுங் காயுது” என்ற இடம் வந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நானாக இருந்தால் மூன்று இடத்துக்கும் மூன்று சொல் தேடியிருப்பேன். நூலகத்தில் பாதி அலமாரியைப் படித்து முடித்தவள் நான். நீ வாரப் பத்திரிகை புரட்டிவிட்டுப் போவாய்.

அடுத்த கூட்டத்துக்குள் உனக்கு விசா வந்துவிட்டது. எனக்காக எழுந்து பெயரைச் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். தலைவர் ஆவுடையப்பன் ஐயா கேட்டார். எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் கை தட்டினார்கள். ஓயட்டும் என்று நின்றேன். ஓய்ந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

குறிப்பேட்டில் என் பெயரை என் கையாலேயே எழுதினேன். ஆவுடையார்கோவிலில் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாடியபோது எனக்குச் சால்வை போட்டார்கள். அதற்குப் பிறகு நான் இருபத்திரண்டு பாட்டு எழுதினேன். ஒன்றையும் இன்னொரு முறை பாடச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

போன மாதம் உன்னிடம் சொல்லிவிட்டு, திட்டுவாய் என்று காத்திருந்தேன். “அட விடு கலை, எனக்கு அதுல ரெண்டு வரிகூட ஞாபகமில்ல. ஒம்பேரே இருந்துட்டுப் போகட்டும்” என்றாய். பிள்ளைக்கு இட்லி ஊட்ட வேண்டும் என்று போனை வைத்தாய். ஆறு வருடம் நான் ஒளித்து வைத்திருந்ததை, கட்டிப் பழகிய சேலையைக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டாய். நீ சண்டை போட்டிருந்தால் ஒருவேளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பேன். இப்படிக் கொடுத்ததை என்னால் வாங்க முடியவில்லை.

போன ஞாயிறு கூட்டத்தில் எழுந்து உன் பெயரைச் சொன்னேன். ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அமுதவல்லி அக்காதான் பேசினார். முப்பது வருடமாக மன்றத்தில் இருப்பவர், குரலில் கோபமே இல்லை. “நாங்க அப்பவே பேசிக்கிட்டோம்மா, இது நம்ம கலை எழுதுற மாதிரி இல்லையேன்னு.” மற்றவர்களும் தலையாட்டினார்கள். செயலாளராக நானே தொடர வேண்டும் என்றும் முடிவானது. குறிப்பேடு எழுத என்னைப் போல் ஆள் கிடையாதாம்.

மன்ற வரலாற்றில் அந்தப் பக்கத்தைத் திருத்தி நேற்று அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். உன் பெயரும் உன் ஊரும் அதில் இருக்கின்றன. உன் போட்டோ ஒன்றை ஐயா கேட்கிறார், அனுப்பு. விழாவுக்குப் புதுப் பாட்டு ஒன்று தர வேண்டும் என்று எல்லோரும் உன்னைக் கேட்டு எழுதச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் ஷீபா. பிள்ளை ஓடியாடி வளரட்டும். வீட்டில் விருந்தும் வேலையும் குறையாமல் இருக்கட்டும். உட்கார்ந்து நாலு வரி எழுதக்கூட நேரம் கிடைக்காத அளவுக்கு உன் நாட்கள் நிறைந்திருக்கட்டும்.

என்றும் உன்,
கலைமதி