மன்னர் ஆனை

மழை வேண்டும்போது பெய்து, போதுமென்றபோது நிற்க. ஏழு குன்றும் ஓர் ஏரியும் தன் குடைக்கீழ்க் கொண்டவரும், பகைவர் அஞ்சும் தோளினரும், கொடுத்த சொல் தவறாதவரும், ஆயினும் கொடுத்த சொல் எதுவென்பதை மறந்துவிடுபவருமான கூவிள நாட்டு மன்னர் நெடுமுடிக்கோ அவர்களின் திருவுளப்படி, தலையமைச்சன் அம்பலக்கூத்தன் எழுதும் ஓலை.

கானற்பட்டினத்துத் துறைத்தலைவர் பூதங்கண்ணனார் காண்க. தங்கள் துறையில் மரக்கலம் நிறைக. வலையில் மீன் நிறைக. தங்கள் முழங்கால் வலி நீங்குக.

தாங்கள் மகிழ்ச்சி பொங்க வரைந்த ஓலை வந்து சேர்ந்தது. நாட்டின் அதிகாரிகள் அனைவருள்ளும் தாங்களே தெரிந்தெடுக்கப்பட்டு, பரிசாக ஒரு யானை தங்கள் மதிற்புறத்தே வந்து நிற்பதாகவும், பட்டினத்தின் வாயிற்சொல்லை எழுதிக் கொடுத்தால் அதைக் கையோடு ஒப்படைப்பதாக உடன்வந்தோர் உரைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். படித்து முடித்து யாம் தலையில் கைவைத்து உட்கார்ந்தோம். அந்த யானை எம்முடையது.

நிகழ்ந்ததைக் கேட்டருள்க. மறைசொல்லாகிய வாயிற்சொல்லைக் கூறாமல் மன்னரேயானாலும் கோட்டைக்குள் வரலாகாது என்பது நம் நாட்டு வழக்கம். அதைக் காப்பவன் எம் காவலர் தலைவன் நெடுங்கொற்றன். புலி எதிர்வந்தாலும் கண் இமைக்காதவன்; அரச இலச்சினையைக் கண்டால் மட்டும் அவனுக்கு உள்ளங்கால் வரை வியர்த்துவிடும். மன்னரோ வேட்டைக்குப் போனால் மானை மறப்பார், வாயிற்சொல்லையும் மறப்பார். அதைக் கேட்டுக் காட்டிலிருந்தே ஓலை விடுப்பார். ஒருமுறை நெடுங்கொற்றன் தயங்கினான். அரசன் ஓலையை ஐயுறுபவன் அரசன் சோற்றையும் ஐயுற்றுப் பட்டினி கிடக்கட்டும் என்று மன்னர் அவையறியக் கடிந்துகொண்டார். அன்று அவன் குனிந்த தலை நிமிர வெகுநாள் ஆயிற்று.

ஆகவே அண்மையில் மன்னர் வேட்டையில் இருக்கையில் ஓர் ஓலை வந்தபோது, பாவம், அவன் என்ன செய்வான்? "அன்பிற்குரிய காவலரே! வாயிற்சொல்லைப் பொழுது உச்சிக்கு வருமுன் எழுதியனுப்புக. தவறினால் உமது பதவி முடக்கப்படும். இது மன்னர் ஆனை" என்று அதில் கண்டிருந்தது. தன் பெயரைக் காணோமே என்று அவன் எண்ணினான். இலச்சினை மீன் எதிர்ப்பக்கம் பார்ப்பதையும் கண்டான். ஆணை எப்படி ஆனையாயிற்று என்றும் அவன் மனம் உறுத்தியது. ஆனால் பொழுது ஏறிக்கொண்டே போனது. பழைய வசவு காதில் ஒலித்தது. வேட்டைக் களைப்பில் எழுதியவன் கை தவறியிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, புளித்தமோர் என்னும் வாயிற்சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டான்.

கள்வர் வந்தனர், புளித்தமோர் என்றனர், உள்ளே புகுந்தனர். அவர்கள் நாடியது அணிகலச் சாலையை. அங்கிருந்த காவலனிடம் இன்னோர் ஓலையை நீட்டினர். அதில், "இது மன்னர் ஆனை. தடையின்றி விடுக" என்றிருந்தது. அவன் எழுத்தெண்ணிப் படிப்பவன். ஆனை இங்கில்லை ஐயா, கொட்டிலில் அல்லவா இருக்கிறது என்று பணிவோடு கூறி, தானே அழைத்துச் சென்று, பட்டத்து யானை கார்முகிலை அவிழ்த்து, நெற்றிப்பட்டமும் கட்டிக் கயிற்றைக் கையில் கொடுத்தான். வேண்டாம் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே அணிகலம் திருட வந்தவர்கள் யானையோடு திருதிருவென விழித்தபடி வெளியேறினர். நெடுங்கொற்றன் வேலைத் தாழ்த்தி வழிவிட்டான்.

மாலையில் மன்னர் நனைந்தபடி வந்து சேர்ந்தார். ஓலையில் எழுதியனுப்பிய வாயிற்சொல்லைக் கூறுக என்றதும், அன்று தாம் ஓலையே விடுக்கவில்லை என்றார். மதில்மேல் நின்ற நெடுங்கொற்றனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்கியபின் அவன் எவருக்கும் கதவு திறப்பதாயில்லை. மன்னர் தம் பட்டப்பெயர்களை எல்லாம் மழையில் நின்று ஒவ்வொன்றாகக் கூவினார். அவை ஊரறிந்தவை பெருமானே, வாயிற்சொல்லைக் கூறியருள்க என்று அவன் அழுதுகொண்டே வேண்டினான். யாம் குடையோடு ஓடி, முகம் கண்டு, உறுதி கூறி அழைத்துவரும்வரை கதவு திறக்கவில்லை.

மறுநாள் அவையில் மன்னர் சினந்து அவன் வாளைப் பறிக்க முனைந்தார். யாம் குறுக்கிட்டு, ஓலையில் வாயிற்சொல் கேட்கும் பழக்கத்தை அவனுக்குக் கற்பித்தவர் யார் என்று மட்டும் வினவினோம். மன்னர் தும்மினார். பின்பு, இனி யாம் மறந்தால் மழையிலேயே நிற்போம் என்றும், யானை திரும்பினால் இவன் பதவி நிலைக்கும், திரும்பாவிடில் போகும் என்றும் தீர்ப்பளித்தார். நெடுங்கொற்றன் பதவிக்காகக் கலங்கவில்லை. வாயிலைக் கடக்கும்போது கார்முகில் வழக்கம்போல் கரும்புக்குத் துதிக்கை நீட்டியதாம்; வணங்கி நின்ற மிடுக்கில் அவன் கொடுக்கவில்லையாம். அதைச் சொல்லிச் சொல்லியே அழுகிறான்.

அந்த யானைக்குத் தீனி போட மாட்டாமல்தான் கள்வர் அதைத் தங்கள் தலையில் கட்டப் பார்க்கின்றனர். கூடவே தங்கள் வாயிற்சொல்லையும் கேட்கின்றனர். கேளாத பரிசு வாயில் தேடி வராது, துறைத்தலைவரே. வாயிற்சொல்லை எவருக்கும் எழுதற்க. எமக்கும் எழுதற்க. அவர்களைப் பேச்சில் நிறுத்தி வைக்க.

இவ்வோலை மெய்யோ என்று தாங்கள் ஐயுற வேண்டும். இலச்சினையைப் பார்த்து நம்பற்க. மீனை எவரும் சரியான பக்கம் திருப்பிவிடுவர். எழுத்தைப் பார்த்தும் நம்பற்க. கள்வரும் ஒருநாள் இலக்கணம் கற்பர். தங்கள் ஆளைத் தங்களுக்குத் தெரிந்த வழியில் அனுப்பி எம் வாயாலேயே கேட்டறிக. அதன் பின்னரே, இதைக் கொணரும் நெடுங்கொற்றனை யானையிடம் விடுக. அவன் வாயிற்சொல் கேட்க மாட்டான். மடியில் கரும்பு வைத்திருப்பான். துதிக்கை அவன் மடிக்குப் போனால் அவனே இவன்.

அரக்கு ஆறுமுன் மீன் இலச்சினை பதித்தோம். இது மன்னர் ஆணை. அங்கே நிற்பது மன்னர் ஆனை. முன்னதை ஏற்க; பின்னதை அனுப்புக.