மாடுகளுக்குத் தெரிந்த கப்பல் சொல்

இன்று காலை எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு மரப் பீரோவைக் கயிறு கட்டி இறக்கினார்கள். படி குறுகல், பீரோ அதில் திரும்பவில்லை. கீழே நின்றவன் இரண்டு கைகளையும் தாழ்த்திக் காட்டி, "ஆரியா, ஆரியா" என்றான். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. உங்கள் சொல் காதில் விழுந்து எத்தனை காலமாயிற்று.

ஆரியா என்றால் இறக்கு. துறைமுகத்தில் கப்பலின் சரக்கறை வாயருகே நின்று, மேலே இருக்கும் கிரேன்காரருக்குக் கை காட்டுவது உங்கள் வேலை. மூட்டைகள் இறங்க வேண்டுமென்றால் அந்தச் சொல்தான். வீட்டிலும் உங்களுக்கு அதே பாஷை. பரணிலிருந்து நான் பானை எடுத்தாலும் கீழே நின்றுகொண்டு ஆரியா சொல்வீர்கள். தோள்பட்டை பிசகி, இனிமேல் அந்த வேலை ஆகாது என்றானபோது, ராயபுரத்தில் எல்லாரும் பெட்டிக்கடை வைக்கச் சொன்னார்கள். நீங்களோ மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் கிணற்றோடு ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பேசிவிட்டு வந்து நின்றீர்கள்.

"கண்டவன் கோதுமைய எறக்கினது போதும்மே. நம்ம கையால ஒண்ணு வெளையட்டும்" என்றீர்கள். ஜனவரி முதல் தேதி மாதா கோயிலில் நடக்கும் வருஷப் பிறப்புப் பூசைக்கு நம் நிலத்தில் விளைந்ததை ஒரு கூடையில் கொண்டுபோய்ப் பீடத்தடியில் வைக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. அதற்குள் விளையக்கூடியது என்ன என்று விசாரித்து முள்ளங்கி போட்டீர்கள்.

கார்த்திகை பிறந்து மழை கொஞ்சம் ஓய்ந்ததும் குடிபோனோம். ராயபுரத்தில் எனக்குப் போர்வை என்பது கொசுவுக்குத்தான். அங்கேயோ மார்கழிப் பனி கூரையிலிருந்து சொட்டியது. விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. ரயில் சத்தமும் குழாயடிச் சண்டையும் இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படிக் கொண்டுவந்து தள்ளிவிட்டாரே என்று உங்கள் காதுபடவே திட்டினேன். நீங்களோ முருங்கை மரத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

மழை நின்றதும் மணல் பூமி சீக்கிரமே காய்ந்துவிட்டது. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்க வேண்டும். மாடுகள் சரிவில் முன்னே நடந்தால் தண்ணீர்ச் சால் மேலே வரும். பின்பக்கமாகவே நடந்து ஏறினால்தான் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். நிலத்தோடு நமக்கு வந்த இரண்டு கிழ மாடுகளுக்கும் பின்னால் நடக்க மனசே இல்லை. நீங்கள் அவற்றின் எதிரே போய் நின்று, கிரேன்காரருக்குக் காட்டுகிற மாதிரி கையைத் தாழ்த்தி, ஆரியா என்று கத்தினீர்கள். பக்கத்து நிலத்துக் கோவிந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாட்டைக் கப்பலேற்றப் போகிறீர்களா என்று கேட்டார். நீங்கள் விடவில்லை. கொஞ்ச நாளில் அந்த ஒரு சொல்லுக்கு இரண்டும் ஒழுங்காகப் பின்வாங்க ஆரம்பித்தன. உங்கள் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த இடம் எனக்குப் பிடிக்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

ஆனால் கோதுமைத் தூசி குடித்த நெஞ்சு உங்களுடையது. அது பனியைத் தாங்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முள்ளங்கி வாடக்கூடாதென்று கோவிந்தன் இறைக்க வந்தார். நாக்கைத் தட்டினார், வாலை முறுக்கினார். மாடுகள் அசையவில்லை. கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெட்கத்தை விட்டு ஒரு தடவை கத்தினேன். இரண்டும் பின்னால் நடந்தன. அன்றிலிருந்து நானே இறைத்தேன்.

வருஷப் பிறப்பன்று கூடையைக் கோயிலில் வைத்துவிட்டு, ஒரு முள்ளங்கியை மட்டும் மண்ணோடு முந்தானையில் முடிந்து உங்களிடம் கொண்டுவந்தேன். முகர்ந்து பார்த்தீர்கள். நான் மாடு ஓட்டிய கதையைச் சொன்னதும் எழுந்து உட்காரப் பார்த்தீர்கள்.

"நெஜமாவா? எங்க, ஒரு தபா சொல்லும்மே, கேட்டுக்கறேன்."

சுற்றிலும் கட்டில்கள், ஆட்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "வூட்டுக்கு வாங்க. கெணத்தாண்ட நின்னு கத்தறேன், கேளுங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள், இருமினீர்கள். வீட்டுக்கு வரவில்லை.

நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் ராயபுரத்துக்கே வந்துவிட்டேன். மாடுகளைக் கோவிந்தன் எடுத்துக்கொண்டார். ஒருமுறை மார்க்கெட்டில் பார்த்தபோது, தானும் இப்போது ஆரியா சொல்லித்தான் இறைப்பதாகச் சொன்னார். நிலம் போனதற்கு அழுது தீர்த்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை உங்கள் காதில் போடாமல் விட்டதுதான் இன்னும் ஆறவில்லை. யார் சிரித்தால் என்ன, சொல்லியிருக்கலாம்.

இன்று அந்தப் பீரோ பாதி வழியில் நின்றுவிட்டது. மேலே இருந்தவர்கள் பயந்துபோய்க் கயிற்றை விடவில்லை. கீழே நின்றவன் குரல் எடுபடவில்லை. நான் ஜன்னலைத் திறந்து, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். கயிற்றை மெல்ல விட்டார்கள்; பீரோ அலுங்காமல் தரையில் வந்து உட்கார்ந்தது. கீழே நின்றவன் அண்ணாந்து பார்த்தான்.

"இன்னா ஆயா, ஹார்பர்ல வேலை செஞ்சியா?"

"இல்லப்பா, மாடு ஓட்டினேன்" என்றேன். தெருவே சிரித்தது. எனக்குக் கூச்சமாகவே இல்லை. நீங்கள்தான் கேட்க இல்லை.