பட்டி மூலை மண்

என் தங்க மாப்பிள்ளை சரவணா,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. நீ இருக்கிற இடம் வெயிலோ நிழலோ, நல்லா இருடா. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் வெளியே சொல்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

உன் காரியத்துக்கு வந்த கார்கள் எடப்பாடி ரோடு வரைக்கும் வரிசை கட்டி நின்றன என்று டீக்கடையில் சொன்னேன். நிஜத்தில் ஏழு கார். யாரும் மறுக்கவில்லை. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்கள். நீ இருந்திருந்தால், "நடுவுல ரெண்டு ஏரோப்ளேனும் நின்னுச்சுங்களே மாமா, அத உட்டுட்டீங்க" என்றிருப்பாய். என் பொய்க்கு மேலே இன்னொன்று அடுக்கிச் சிரிக்க அக்கா மகன் இல்லாமல், சொல்கிற எனக்கே சலித்துப் போகிறது.

ஆனால் உன் வேலையை என்னைப்போல விளக்க உங்கள் ஆபீசிலேயே ஆள் கிடையாது. "எங்க மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்குள்ள ஒரு உலகத்தையே வெச்சு, இன்னும் நூறு வருஷத்து வெயிலையும் மழையையும் ஓட்டிப் பாக்கறான். அதுல என் சோளக்காடும் இருக்குது" என்பேன். நீ சொன்னது இவ்வளவு ஜோடனையாக இருக்காது. தழையும் வேரும் எருவும் மக்கி, கரிச்சத்தாக மண்ணில் தங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று மூச்சாக வெளியே விடுகின்றன. சூடு ஏறினால் அதுகளுக்குப் பசியும் ஏறும். மண்ணில் கிடந்தது காற்றுக்குப் போகும், காற்று இன்னும் சூடாகும். மறுபக்கம் பயிர் செழித்தால் மண்ணுக்குத் தழை கூடும். இதில் எது ஜெயிக்கும் என்று ஒரு கம்ப்யூட்டர் மாடல் ஒரு பதில் சொல்லும், இன்னொன்று வேறு சொல்லும். அதனால்தான் நிஜ மண்ணோடு ஒத்துப் பார்க்கணும் என்றாய்.

"எட்டாவது படிச்ச எனக்கே புரியுதேடா!"

"ஏழாவதுங்க மாமா. அம்மா சொல்லிட்டாங்க."

முதல் வருஷம் நீயே வந்து ஐந்து இடத்தில் முளைக்குச்சி அடித்தாய். இரும்புக் குழாயை இறக்கி மண் எடுத்துப் போனாய். "வருஷா வருஷம் இதே இடமுங்க மாமா, நகரக்கூடாது" என்றாய். அடுத்த மாதம் போனில், "கரிச்சத்துல பத்து ஊருக் காட்டுல உங்க மண்ணுதானுங்க சோப்ளாங்கி" என்று சிரித்தாய்.

நானும் சிரித்தேன். ஆனால் சுருக்கென்றது. என் காடு சோப்ளாங்கியா?

மறு வருஷம் நீ வரவில்லை, மண்ணெடுத்து அனுப்பச் சொன்னாய். குழாயைத் தூக்கிக்கொண்டு வடக்கு மூலைக்குப் போனேன். கோடையில் ஆட்டுப்பட்டி போடுகிற இடம் அது. புழுக்கையும் மூத்திரமும் ஊறி, மண் கருகருவென்று இருக்கும். ஐந்து பையையும் அங்கேயே நிரப்பினேன். அதற்குப் பிறகு எல்லா வருஷமும் அப்படித்தான்.

"கரிச்சத்து இறங்கும்னு என் மாடல் சொல்லுதுங்க, உங்க மண்ணுல ஏறிக்கிட்டே போகுது. நான் எங்கியோ தப்புப் பண்ணிட்டேன் மாமா" என்றாய். "கம்ப்யூட்டருக்கு என்னடா தெரியும் என் கைராசி!" என்றேன்.

சேலம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க காடு மட்டும் ஒத்தே வரமாட்டேங்குதுங்க" என்றாய். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம் திரும்பி, "எங்க மண்ணு அப்படிங்க" என்று பெருமை பேசிவிட்டேன். அன்றைக்கு ஏன் சொல்லாமல் போனேன், மாப்பிள்ளை?

போன மாதம் உன்னோடு வேலை பார்த்த நிவேதா வந்தது. உன் வேலையை அந்தப் பொண்ணுதான் முடிக்கிறது.

"உங்க காட்டு மண்ணை மட்டும் அண்ணனோட மாடல் தப்பாக் கணிச்சிருக்குதுன்னு எழுதப் போறோமுங்க ஐயா."

அப்படியே விட்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். உன் கணக்கு தப்பு என்று அச்சில் நின்றிருக்கும்.

"அம்முணி, அவன் கணக்குல தப்பில்ல. மண்ணை மாத்துனவன் நான்."

வரப்பில் உட்கார்ந்துவிட்டது. "எத்தனை வருஷமுங்க?"

"மொத வருஷம் தவிர எல்லாம்."

"அத்தனையும் நீக்கோணுமுங்க ஐயா." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம் நீ குறித்த ஐந்து இடத்தையும் போன் மேப்பில் தேடிக் கண்டுபிடித்தது. நான் குழாயை அடித்தேன், அது பையைப் பிடித்தது. வெளிறிய மண்தான் வந்தது.

நேற்று நிவேதாவிடமிருந்து போன் வந்தது. முதல் வருஷத்தைவிட இப்போது கரிச்சத்து இறங்கியிருக்கிறதாம், ஏறக்குறைய நீ சொன்ன அளவுக்கே. "ஒரு தடவைய வெச்சு முடிவு பண்ண முடியாதுங்க, இன்னும் சில வருஷம் பாக்கோணும்" என்றது. ஆனாலும் எனக்குக் குதிக்கணும் போல இருந்தது. தன் காட்டு மண் தேய்ந்ததற்குச் சந்தோஷப்பட்ட குடியானவனை நீ பார்த்திருக்கிறாயா? போனைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்ல ஆள் தேடினேன். உன் நம்பர்தான் முதலில் இருந்தது.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். முளைக்குச்சி இருந்த ஐந்து இடத்திலும் கல் நட்டுவிட்டேன். குழாயைத் தூக்க எனக்குத் தெம்பு இருக்கிற வரைக்கும், ஒவ்வொரு சித்திரையிலும் அந்த ஐந்து கல்லடியில்தான் தோண்டுவேன். வருவது எவ்வளவு வெளிறிய மண்ணாக இருந்தாலும் அதைத்தான் அனுப்புவேன்.

உன் கணக்கை உன்னையே சந்தேகப்பட வைத்த,
உன் தாய்மாமன்.