அசோகர் அதிகாரிகளைக் கண்டிக்கும் காட்சி

அனுப்புநர்:
உதயநாத் பலியார்சிங்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கடுவாபாடா கிராமம், தௌலி அருகில்.

பெறுநர்:
வட்டார வளர்ச்சி அதிகாரி மற்றும் விழாக் குழுத் தலைவர் அவர்கள்.

பொருள்: பள்ளிப் பிள்ளைகளின் அசோகர் நாடகத்தில் நீக்கப்பட்ட கடைசிக் காட்சியைத் திரும்பச் சேர்க்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சொல்லவந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேனோ என்ற அச்சத்தால், முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:
1. நீக்கப்பட்டது எது.
2. போர்க்காட்சியை நீட்டுவதில் உள்ள சிரமம்.
3. நீக்கப்பட்ட சொற்கள் என்னுடையவை அல்ல, மன்னருடையவை.
4. இழப்பு யாருக்கு.

1. வரும் ஞாயிறு விழாவில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நடிக்கவிருக்கும் நாடகத்தை எழுதியவன் நான். கலிங்கப் போர், மன்னரின் மனமாற்றம், வழிநெடுக நிழல்மரமும் கிணறும், மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் என்று போய், அவருடைய ஆணையைத் தூதுவர் இவ்வூர் அதிகாரிகளுக்கு வாசித்துக் காட்டுவதோடு அது முடியும். தங்கள் பார்வைக்கு அனுப்பிய பிரதி நேற்றுத் திரும்பி வந்தது. கடைசிக் காட்சி முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் ‘போரை இருமடங்காக்கவும்’ என்றிருந்தது. காரணம் கேட்க நேரில் வந்தேன். எழுத்தர் உட்கார நாற்காலி கொடுத்தார். அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால், “என்ன சார், கலெக்டர் முன்வரிசைல உட்கார்ந்திருப்பாரு. அசோகர் பேரச் சொல்லி எங்களையே மேடை போட்டுத் திட்டுவீங்களா?” என்றார். எனக்குப் பதில் எப்போதும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வாய்க்கும். அந்தப் பதிலே இம்மனு.

2. போரை இருமடங்காக்க ஆளில்லை. பிள்ளைகள் சாக மறுக்கிறார்கள். “நாங்க கலிங்கம் சார். சொந்த ஊர்லயே எதுக்குச் சாவணும்? அவனுங்க சாவட்டும்” என்கிறார்கள். மகத வீரர்களாக நின்ற இருவர் ஒத்திகையில் உண்மையாகவே அடிவாங்கி அழுதுகொண்டு வீட்டுக்குப் போனார்கள். அசோகராக நடிக்கும் பையனை மைதானத்தில் ஒருவரும் ஆட்டத்துக்குச் சேர்ப்பதில்லை. இருக்கும் போரையே என்னால் சமாளிக்க முடியவில்லை, ஐயா.

3. கடைசிக் காட்சியின் ஒவ்வொரு சொல்லும் தௌலிப் பாறைக் கல்வெட்டில் உள்ளது. போருக்காக வருந்தியதை மன்னர் வேறு இடங்களில் வெட்டச் செய்தார், இங்கே வெட்டவில்லை. இங்கே பாறையில் செதுக்கிய கல் யானைக்குக் கீழே வெட்டியிருப்பது அதிகாரிகளுக்கான புத்திமதி. எல்லா மக்களும் என் பிள்ளைகள். காரணமின்றி எவரையும் சிறையில் தள்ளாதீர்கள். பொறாமை, கோபம், அவசரம், சோம்பல் வேண்டாம். பூச நட்சத்திரந்தோறும் இதை வாசிக்கச் செய்யுங்கள் என்கிறார். இத்தனை நூற்றாண்டுப் புயல்மழை விட்டுவைத்ததைச் சிவப்புப் பேனா அடிக்கலாமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன், இனி அழித்தால் தாள் கிழியும்.

4. தூதுவராக வருபவள் ஏழாம் வகுப்பு ஜிலி பராள். நாடகத்தில் அவளுக்கு வேறு வசனமே இல்லை. அவள் தலைப்பாகைக்காகத் தாய் பிலாசினி தன் நல்ல புடவையைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். காட்சி போய்விட்டது என்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் வராதபடி தாங்கள் செய்யவேண்டும்.

கையெழுத்திடுமுன் வழக்கம்போல் பாறை வாசகத்தின் மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டேன். மூன்றாவது பத்தியில் ‘ஒவ்வொரு சொல்லும்’ என்றது தவறு. காட்சியில் தூதுவர் வாசிக்கும் ‘தேடி வருபவரை நாளைக்கு வா என்று அனுப்பாதீர்கள்’ என்ற வரி பாறையில் இல்லை. ஒத்திகையின்போது ஜிலி தானாகச் சேர்த்துச் சொன்னது அது. “இதையும் ராஜா சொல்லியிருப்பாருல்ல சார்?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நான் எழுதிக்கொண்டேன். போன மே மாதப் புயலில் கூரை பறந்த தன் வீட்டைப் பார்வையிடும்படி கேட்டு அவள் தாய் இன்னும் தங்கள் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

ஆகவே அந்த ஒரு வரிக்கு மட்டும் என்னிடம் ஆதாரமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது வந்து அந்த வீட்டைப் பார்த்துவிட்டால், அதை நானே என் கையால் அடித்துவிடுகிறேன்.

இடம்: கடுவாபாடா
தேதி: 9 ஜனவரி 2020

பணிவுடன்,
உதயநாத் பலியார்சிங்