கருவிழிப் பட்டியல்

ஜூன் 10, செவ்வாய்

புது மென்பொருள் கம்பெனியிலிருந்து ஆள் வந்துவிட்டான். சட்டைக் கையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. 'இஸ்திரி' என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன். இந்தக் கண் மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளைப் பதினொரு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வந்தவன் என் நாற்காலியையே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். திரையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் மியூசியத்துல இருக்க வேண்டியது மேடம்" என்றான். நிர்வாகி சிரித்தார்.

சிரிக்கட்டும்.

ஜூன் 18

பழையதிலிருந்து புதியதற்குப் பதிவுகளை மாற்றிப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் ஏறவில்லை. எனக்குக் காரணம் பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் பழைய பதிவில் தேதி நாள், மாதம், வருடம் என்று இருக்கும். புதியது மாதத்தை முதலில் எதிர்பார்க்கிறது. இருபதாம் தேதி என்றால் இருபதாவது மாதம் ஏது என்று திருப்பி அனுப்புகிறது. திரை முழுக்கச் சிவப்பு. இஸ்திரியின் நெற்றியில் வியர்வை. நான் காபி குடித்தேன்.

ஜூன் 19

ஒரே மத்தியானத்தில் சரிசெய்துவிட்டானாம். ஒரு சிவப்பு வரிகூட இல்லை. "வேலை தெரிஞ்சவங்கன்னா இப்படி இருக்கணும்" என்றார் நிர்வாகி, என்னைப் பார்க்காமல், எனக்குக் கேட்கும்படி.

ஜூன் 20

அவன் என்ன செய்தான் என்று பார்த்தேன். மாதம் முதலில் என்று படிக்க முடியாவிட்டால் மட்டும் நாள் முதலில் என்று படி — அவ்வளவுதான் வைத்தியம். பன்னிரண்டாம் தேதிக்கு மேற்பட்டவை சரியாகிவிட்டன. ஒன்று முதல் பன்னிரண்டு வரை உள்ளவை? அவை சிவப்பே காட்டாமல் தலைகீழாகப் போய் உட்கார்ந்திருக்கின்றன. போன ஆகஸ்ட் ஐந்தில் பதிந்தவர் மே எட்டுக்குப் போய்விட்டார். யாருக்கும் தெரியாது.

சொன்னேன். காதில் மாட்டியிருந்ததைக்கூட அவன் கழற்றவில்லை. "உங்களுக்கு வேலை போயிடும்னு பயம் மேடம். அதான் தப்பு தேடிட்டிருக்கீங்க." கவுண்டர் பெண்கள் இரண்டு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

நிர்வாகிக்கு நாலு வரி எழுதினேன். அனுப்பவில்லை. ஏன் அனுப்ப வேண்டும்? புதுசு ஓடத் தொடங்கட்டும். ஊரே பார்க்க விழட்டும்.

ஜூன் 21

ராத்திரி வீட்டில் இவரிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, "எழுத்துல குடுத்தியா?" என்று கேட்டார். வாயால் சொன்னேன், போதும் என்றேன். அடுத்த சட்டையை எடுத்தார். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

ஜூலை 7, திங்கள்

புதுசு ஓடத் தொடங்கிவிட்டது. கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

ஜூலை 11

போன மாதம் பத்தாம் தேதி அறுவை முடிந்த ஒருவருக்கு, இனி வரப்போகும் அக்டோபரில் முடிந்ததாகக் காட்டியதாம். யாரோ தப்பாக அடித்திருக்கிறார்கள் என்று இஸ்திரி கையால் திருத்தினான். எனக்குள் ஒரு சந்தோஷம் — அதை என்னவென்று எழுதுவது? பசிக்கிறவனுக்குச் சமையல் வாசனை வந்த மாதிரி.

ஜூலை 23, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

தானமாக வரும் கருவிழியை யாருக்கு வைப்பது என்று ஒரு பட்டியல் உண்டு. முதலில் பெயர் கொடுத்தவருக்கு முதலில். நேற்று ஒரு கருவிழி வந்தது. மார்ச் இருபதில் பெயர் கொடுத்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு வைத்துவிட்டார்கள்.

இன்று ஒரு தையல்காரர், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். அவருக்கு ஒரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. இன்னொன்று வெள்ளை படர்ந்து கிடக்கிறது. ஊசியில் நூல் கோத்துத் தருவது மனைவிதானாம். இப்போது தையல் எங்கே போகிறது என்பதையும் அவரே சொல்ல வேண்டியிருக்கிறதாம். "பிப்ரவரியிலயே பேர் குடுத்தோம்மா. மார்ச்சுல குடுத்தவங்களுக்கு ஆயிடுச்சுன்னு சொல்றாங்க. எங்க பேர் விட்டுப்போச்சா?" என்று மனைவி கேட்டார்.

திறந்து பார்த்தேன். பழைய பதிவில் பிப்ரவரி நான்கு. புதியதில் ஏப்ரல் இரண்டு.

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பார்த்துச் சொல்கிறேனாம்! பார்த்து ஒரு மாதம் ஆகிறதே, பாவி.

ஜூலை 24

நிர்வாகியிடம் போனேன். முகம் கறுத்துவிட்டது. சத்தமில்லாமல் திருத்திவிடலாம், அடுத்த கருவிழி தையல்காரருக்குத்தான், வெளியே தெரிந்தால் எல்லோருக்கும் தலைவலி என்றார். பக்கத்தில் இஸ்திரி. பழைய பதிவிலேயே குழப்பம் இருந்திருக்கும் என்கிறான். அறையலாம் போலிருந்தது. அந்தக் கையை எந்தக் கன்னத்துக்குக் கொண்டுபோவது?

ஜூலை 25

இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன்தான், அவர்தான் என்று அரை மணி நேரம். முடித்ததும் கேட்டார்: "அந்த நாலு வரியை அனுப்பியிருந்தா தையல்காரருக்குக் கண்ணு வந்திருக்குமா, வந்திருக்காதா?"

சாப்பிடாமல் படுத்தேன். விரோதிகூட இப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

ஜூலை 28, திங்கள்

தலைமை மருத்துவருக்கே எழுதிக் கொடுத்தேன். இஸ்திரி செய்தது ஒரு பக்கம். கடைசியில் நான் செய்தது இரண்டு வரி. படித்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

"ஜூன் இருபது."

இஸ்திரி முதல்தடவையாக என்னை நேராகப் பார்த்தான். அவன் கண்ணில் வெறுப்புக்குப் பக்கத்திலேயே நிம்மதி. தன்னோடு மாட்டிக்கொள்ள ஒரு ஆள் கிடைத்துவிட்டதே.

ஜூலை 30

மருத்துவர் தையல்காரரிடம் தப்பு நடந்ததைச் சொன்னார். என் பங்கை நானே சொல்கிறேன் என்று தாழ்வாரத்தில் போய் நின்றேன். முன்னாடியே தெரியும், கோபத்தில் சும்மா இருந்துவிட்டேன் என்றேன். மனைவி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கணவரின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். தையல்காரர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நான் உங்களுக்கு என்னம்மா பண்ணேன்?"

ஆகஸ்ட் 6

நானும் இஸ்திரியும் ஒரே மேசை. கொலைகாரனோடு குடித்தனம் நடத்துவது போல. எல்லாத் தேதியையும் ஒட்டுமொத்தமாகத் திருப்பிவிடலாம் என்றான். ஜூலை ஏழுக்குப் பிறகு ஏறியவை சரியாக இருக்கின்றன. திருப்பினால் அவையும் கெடும் என்றேன். "சரி, நீங்களே சொல்லுங்க மகாராணி" என்றான். சொன்னேன். பழைய பதிவின் நகலை எடுத்து, நாள் முதலில் என்று கட்டாயப்படுத்திப் படித்து, ஒவ்வொரு பதிவு எண்ணோடும் ஒப்பிட்டோம். பதிவு எண் ஏறும்போது தேதியும் ஏற வேண்டும். பின்னால் குதித்ததையெல்லாம் காகிதக் கோப்பில் பார்த்தோம். கோப்புத் தூசியில் இருவருக்கும் தும்மல். ஒருவரும் ஒருவருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 13

முடிந்தது. கருவிழிப் பட்டியலில் மட்டும் இருநூற்றுப் பதினான்கு பேர். எழுபத்தொரு பேர் இடம் மாறிக் கிடந்தார்கள். இனி தேதி எந்த வரிசையில் வருகிறது என்று சொல்லாமல் எதுவும் உள்ளே போகாது. இஸ்திரி போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. நானும் தலையைத் தூக்கவில்லை.

செப்டம்பர் 1

பதிவுப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இனிப் புறநோயாளிகள் கவுண்டர். என் நாற்காலியில் யாரோ. நிர்வாகி அதே அறையில்தான் இருக்கிறார், அதே சிரிப்போடு. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று இன்னும் நினைக்கிறேன்.

செப்டம்பர் 18

தையல்காரருக்கு இன்று கருவிழி வைத்தார்கள்.

அக்டோபர் 30, வியாழன்

காலையில் கூட்டம் அடுத்த கவுண்டரில்தான். அங்கே ஐந்து பேர் நின்றார்கள். என் முன்னால் ஒருவரும் இல்லை. தையல்காரர் தனியாக வந்தார். யார் தோளையும் பிடிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சுவரில் இருந்த பலகையைப் படித்தார். பிறகு என் கவுண்டருக்கு வந்து சீட்டை நீட்டினார்.

"உட்காருங்க, உடனே பதிஞ்சு தரேன்" என்றேன்.

குரலைக் கேட்டதும் அவர் கை நின்றது. என் முகத்தை ஒருதடவை நன்றாகப் பார்த்தார். அப்புறம் சீட்டை எடுத்துக்கொண்டு, அடுத்த வரிசையில் ஆறாவது ஆளாகப் போய் நின்றார்.