ட்ராயிங் மாஸ்டரின் நீலம்

கிழக்குத் தாம்பரம்
4-2-1973

அன்புத் தங்கை ஹில்டாவுக்கு,

அண்ணன் அசரியா எழுதுவது. நானும் உன் அண்ணி சரோஜினியும் கர்த்தருடைய கிருபையால் சுகம். குவைத்தில் நைட் டூட்டி, நைட் டூட்டி என்று சாப்பிடாமல் கிடக்காதே.

சுகம் என்று எழுதிவிட்டேன். ஆனால் ஒரு மாதமாக இடது கண்ணில் ஒட்டடை மாதிரி ஏதோ ஆடுகிறது. கண் டாக்டரிடம் போனேன். கண்ணைப் பார்த்தவர் அதோடு விட்டாரா? பிரஷர் பார்த்தார், மூத்திரம் கேட்டார், பாதத்தை அமுக்கினார், ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்றார். "கண்ணுக்குத்தான் சார் வந்தேன்" என்றேன். "கண்ணும் உடம்புலதானே சார் இருக்கு?" என்றார். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து விழித்திரையில் இரத்தம் கசிய வைத்திருக்கிறதாம்.

பள்ளிக்கூடத்தில் மூச்சு விடவில்லை. ரிட்டயராக இன்னும் மூன்று வருஷம். கண் போன ட்ராயிங் மாஸ்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? பயமாக இருக்கிறது, ஹில்டா.

உன் அண்ணன்
அசரியா


குவைத்
19-2-1973

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. எங்கள் வார்டிலேயே இப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். இதற்குச் சொட்டு மருந்து கிடையாது. உடம்பைக் கட்டுக்குள் வைத்தால்தான் மற்றக் கண்ணாவது தப்பும். மாத்திரையை விடாதீர்கள். கருவாடு, ஊறுகாய் வேண்டாம். சிகரெட்டைத் தொடவே கூடாது.

தினமும் காலையில் சோதனைக் குழாயில் நீல நிறப் பெனடிக்ட் கரைசலை எடுத்து, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வையுங்கள். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போகப் போக ஆபத்து. நிறத்தை அண்ணியும் பார்க்கட்டும்.

உங்கள் தங்கை
ஹில்டா


கிழக்குத் தாம்பரம்
29-4-1973

அன்புத் தங்கைக்கு,

நீலம்! இரண்டு மாதமாகத் தினமும் நீலம். நிறம் பார்க்க அண்ணி எதற்கு? இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்கு நிறம் கலக்கக் கற்றுக்கொடுப்பவன் நான். அவள் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ போய் அடுப்பைப் பாரு" என்று அனுப்பிவிட்டேன்.

நீலம்தானே என்று மாத்திரையை நிறுத்தியாயிற்று. ஈஸ்டருக்கு இரண்டு டம்ளர் பாயசம் குடித்தேன், திட்டாதே. பார்வை மட்டும் தெளியவில்லை. கண்ணாடியை மாற்ற வேண்டும். பேனாவில் இப்போதுதான் புது மை ஊற்றினேன். எழுத்து தெளிவாக இருக்கிறதா?

அசரியா


குவைத்
12-5-1973

அன்புள்ள அண்ணா,

கோபப்படாமல் படியுங்கள். நீலம், நீலம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுக்கப் பச்சை மையில் இருக்கிறது. நீங்கள் ஒருநாளும் பச்சை மையில் எழுதியதில்லை. விளையாட்டுக்குச் செய்தீர்களா? அப்படியே இருக்கட்டும் என்று ஜெபிக்கிறேன்.

விழித்திரை கெட்டவர்களுக்கு நீலமும் பச்சையும் குழம்பும் என்று இங்குள்ள டாக்டர் சொல்கிறார். அப்படியானால் குழாயில் இத்தனை நாள் நீங்கள் பார்த்தது என்ன? குழாயை இன்றே அண்ணியிடம் கொடுங்கள். டாக்டரிடம் ஓடுங்கள். எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

ஹில்டா


கிழக்குத் தாம்பரம்
17-6-1973

அன்புத் தங்கைக்கு,

இது பென்சில். நிறம் தப்பாது.

உன் கடிதத்தை உன் அண்ணிதான் வாசித்துக் காட்டினாள். வீட்டிலிருந்த நீலம், பச்சை மைக்கூடு இரண்டையும் அவள் முன்னால் வைத்தேன். நான் ஊற்றியது பச்சைதான். பிறகு குழாயை நீட்டினேன்.

"பச்சைங்க. முதல்லேர்ந்தே பச்சைதான்" என்றாள்.

"ஏன்டி சொல்லல?"

"நீங்க ட்ராயிங் மாஸ்டர். நீங்க நீலம்னு சொன்னா, எனக்குத்தான் நிறம் தெரியல போலன்னு இருந்துட்டேன்."

நான் அழுதுவிட்டேன். இடது கண் இனித் திரும்பாதாம். வலதிலும் முன்பே கசிவு இருந்திருக்கிறதாம். சர்க்கரை, பிரஷர், உப்பு, சிகரெட் எல்லாம் கட்டுக்குள் இருந்தால் வலது கண் நிற்கலாம் என்கிறார் டாக்டர். உறுதி சொல்லவில்லை. நாளைக்கு ஹெட்மாஸ்டரிடம் நானே உண்மையைச் சொல்லப் போகிறேன். இனிக் குழாய் அவள் கையில். மிச்சத்தை அவளே எழுதட்டும்.

அசரியா

ஹில்டா, இன்று காலையும் பச்சைதான். நான் சொன்னேன். உன் அண்ணன் மறுத்துப் பேசவில்லை.

சரோஜினி