தேவை என்ற சொல்லும் என் சகலையும்

மார்ச் 4
பல வருடங்களுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், உங்களைவிடக் கம்மியா படிச்சவங்க உங்களைவிடப் பெரிய ஆளாயிட்டா என்ன பண்ணுவீங்க?"
"கைதட்டுவேன்" என்றேன்.

இன்று நூலக அரங்கில் கைதட்டினேன். மேடையில் என் சகலை, மனைவியின் தங்கை கணவர். புள்ளிவிவர அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர். நாட்டின் மொத்த உற்பத்தியை வைத்து மருத்துவத் தேவையை அளக்கலாம் என்று படம் போட்டுக் காட்டினார். உற்பத்தி ஒரு கோடு, ஆஸ்பத்திரிகளில் வந்த நோயாளிகளுக்குக் கொடுத்த சீட்டுகள் ஒரு கோடு. இரண்டும் கைகோத்து ஏறின, கைகோத்து இறங்கின. அடுத்த ஆண்டு உற்பத்தி குறையுமாம், தேவையும் குறையுமாம். இதை நம்பித்தான் எங்கள் தெருவின் மாலைநேர மருத்துவமனையை மூடுவதா என்று நகரசபைக் குழு மாதக் கடைசியில் முடிவெடுக்கப் போகிறது.

முப்பத்திரண்டு வருடம் பொருளாதார வகுப்பில் தேவை, அளிப்பு என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். பொன்னாடை அவருக்கு.

மார்ச் 5
மனைவி: "காபியை ஏன் முறைக்கிறீங்க? அதுவா மேடையில பேசுச்சு?"

மார்ச் 9
சகலையின் அறிக்கையை நான்கு முறை படித்தேன். எழுத்துப்பிழை இரண்டு. கணக்கில் ஒன்றுமில்லை. பாவி மனுஷன், ஓர் இடத்திலாவது சறுக்கக் கூடாதா?

மார்ச் 13
எதிர்வீட்டுத் தையற்காரர் ஊசியில் நூல் கோக்க முடியாத அளவுக்கு இருமினார். எத்தனை நாளாக என்றேன். "மூணு வாரம் இருக்கும் சார்." டாக்டரிடம் போகலாமே? "ஆர்டரே கம்மி. பகல்ல கடையைச் சாத்தினா வர்ற ஒண்ணு ரெண்டும் அடுத்த கடைக்குப் போயிடும். சாயங்காலம் போகலாம்னா, மூடப் போறாங்களாமே?"

சட்டென்று விளங்கியது. எங்கள் பாடப்புத்தகத்தில் 'தேவை' என்றால் விருப்பமும் வசதியும் சேர்ந்து வாசலில் வந்து நிற்பது. வீட்டில் 'தேவை' என்றால் இந்த இருமல். சகலை எண்ணியது சீட்டுகளை. உற்பத்தி குறைந்தால் சீட்டு குறையும், இருமல் குறையுமா? புத்தகத்துத் தேவையை அவர் சொல்ல, குழு வீட்டுத் தேவையாகக் கேட்டுக்கொண்டது.

வீடு திரும்பும்போது சீட்டியடித்தேன். ஒருவர் இருமுவதைப் பார்த்துச் சந்தோஷம்! சீ.

மார்ச் 20
குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்பதற்கு ஒரு கேள்வி தயார். கண்ணாடி முன் ஒத்திகை. பின்னால் மனைவி.
"கூட்டத்துல கேட்டா அவரு விட்டுக்கொடுக்க மாட்டாரு. நீங்களும்தான். உங்க ரெண்டு பேரு சண்டையில ஆஸ்பத்திரி போயிடும். வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க."
சொன்னால்? திருத்திக்கொண்டு இன்னொரு பொன்னாடை வாங்குவார். நானே தைத்துக் கொடுத்த மாதிரி இருக்கும்.

மார்ச் 22
போனேன். சகலையிடம் தையற்காரர் கதையைச் சொன்னேன். கோடு போட்ட படத்தை எடுத்து மேசையில் விரித்தார்.
"இதை எப்படிண்ணே விட்டேன்?"
"நீங்க வகுப்பு எடுத்ததில்லை. பசங்க கேட்டிருப்பாங்க" என்றேன். கொஞ்சம் குத்தத்தான் சொன்னேன். அவருக்குக் குத்தவில்லை. பேனாவை எடுத்துவிட்டார்.

மார்ச் 29
கூட்டம். "வராத நோயாளியை என் கோடு எண்ணவில்லை. அதை வைத்து மூடாதீர்கள்" என்றார் சகலை. மேடையில் தன் தப்பைத் தானே சொல்வதற்கு நெஞ்சு வேண்டும். எனக்கு இருந்திருக்குமா? மருத்துவமனையை மூடவில்லை. என் பெயர் வரவில்லை. வயிறு எரிந்தது, மோர் குடித்தேன்.

ஏப்ரல் 8
தையற்காரரோடு மாலை மருத்துவமனைக்குப் போனேன். பெஞ்சில் இடமில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
"யாரோ பெரியவர் பேசித்தான் இதை மூடலையாம் சார். தெரியுமா உங்களுக்கு?"
"தெரியும். என் சகலைதான்" என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன்.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி: மருத்துவத் தேவை குறைந்துவிட்டது என்று எங்காவது படித்தால், உங்கள் தெருவில் நான்கு கதவைத் தட்டி, "உடம்பு முடியாமலும் டாக்டர்கிட்ட போகாம யார் இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.